ஓசி டெமோ

என் மகள் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு எங்கும் பணம் கட்டிப் படிக்கவில்லை. ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் பெரிய கோச்சிங் சென்டர் பலவற்றில் அவள் முன் வரிசையில் உட்கார்ந்து படித்திருக்கிறாள். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் ஓசி.

நான் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். டிரம்மைத் தூக்குவேன், இறக்குவேன். பேச்சு வேண்டாத வேலை. எனக்குப் பொருத்தம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். படிப்பு எட்டாவது. மனைவி வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

மகள் இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் ஹிந்தி. காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் தமிழ்.

ஒரு நாள் தமிழில் ஆரம்பித்தாள்.

“அப்பா, எண்ட்ரன்ஸ் எழுதணும்.”

“எழுது.”

“நல்ல ரேங்க் வந்தா யூனிவர்சிட்டி காம்பஸ்லயே சீட். ஃபீஸ் கம்மி. வரலன்னா ப்ரைவேட் காலேஜ்தான்.”

“ப்ரைவேட்டுக்கு எவ்வளவு?”

சொன்னாள். நான் டிவியை அணைத்தேன்.

“அதனால ரேங்க் வரலன்னா நான் படிக்கல. மால்ல சேல்ஸுக்குப் போறேன்.”

அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் வராவிட்டால் நடந்து போகிறேன் என்பது போலச் சொன்னாள். என் பிள்ளைதான்.

கோச்சிங் விசாரிக்கப் போனேன். நல்ல ஏசி. அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு பழைய ஃபோர்க்லிஃப்டே வாங்கலாம். திரும்பி வந்தேன்.

“என்ன சொன்னாவ?” என்று மனைவி கேட்டாள்.

“தண்ணி குடுத்தாவ.”

அதற்கப்புறம் ஓசியில் என்ன கிடைக்கும் என்று பார்த்தோம். நிறையவே கிடைத்தது. பழைய கேள்வித்தாள்களைப் போனில் இறக்கலாம். பாடத்துக்குப் பாடம் வீடியோ உண்டு. அவள் ப்ளஸ் டூ படித்த அரசு ஜூனியர் காலேஜ் லைப்ரரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. எடுக்க ஆள் இல்லாததால் புதிது போலவே இருந்தன. என் போன் அவள் போன் ஆயிற்று. வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே கையை நீட்டுவாள், டிராஃபிக் போலீஸ் மாதிரி. நானும் லைசென்ஸைக் கொடுப்பது போல எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

வீடியோவில் வரும் சார் நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் சந்தேகம் கேட்டால் நிற்க மாட்டார், போய்க்கொண்டே இருப்பார். மகள் வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டாள். சார் பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டார். மறுபடி கேட்டாள். மறுபடி இதயம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “யாருட்டி இந்தாளு? வாய் தொறக்காம இதயமா அனுப்புதான்?”

“பிசிக்ஸ் சாரும்மா.”

“உங்கப்பா கல்யாணத்துக்கு முன்னாடி இதுகூட அனுப்பல.”

நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

காலேஜில் கேட்கலாம் என்றால், பிசிக்ஸ் சார் மாற்றலாகிப் போனவர் போனவர்தான். அடுத்தவர் வரவில்லை. அவளிடம் சந்தேகங்கள் சேர்ந்துகொண்டே போயின. வீட்டில் மேசை கிடையாது. அதனால் கட்டிலில், ஜன்னலில், தையல் மெஷின் மேல் எல்லாம் துண்டுக் காகிதங்கள். மனைவி ஒன்றை ரவிக்கைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கிய அம்மா திரும்பக் கொண்டுவந்து, இது என்ன மந்திரமா என்று கேட்டார்.

அந்த நேரத்தில்தான் என் பைக் ஹாண்டிலில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. இலவச டெமோ வகுப்பு. பெற்றோருடன் வரவும். கடைசி வரியை மகள் சத்தமாகப் படித்தாள். வகுப்பு முடிந்ததும் சந்தேகங்கள் தீர்த்துவைக்கப்படும்.

“அப்பா, போலாமா?” தமிழ்.

முதல் டெமோ குக்கட்பள்ளியில். ஞாயிற்றுக்கிழமை. ஒரு ஃபைல், ஒரு பேனா, ஒரு சமோசா கொடுத்து உள்ளே விட்டார்கள். பிள்ளைகள் முன்னால், பெற்றோர் பின்னால். சார் நல்ல உயரம். மேடைக்கு வந்ததும் வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏதோ பெரிய சண்டைக்கு இறங்குகிறவர் போல இருந்தது. அப்புறம் பிசிக்ஸின் முதல் பாடத்தை நடத்தினார். நான் ஏசியில் தூங்கிப்போனேன். என் பக்கத்தில் இருந்த அப்பாவும் தூங்கினார். அவர் குறட்டை விட்டதால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

முழித்தபோது மகள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் துண்டுக் காகிதம். சாருக்கு ஒரே சந்தோஷம். எல்லோரும் பார்க்க, போர்டு நிறையப் போட்டு விளக்கினார். அடுத்த காகிதத்தை எடுத்தாள். அதையும் விளக்கினார். மூன்றாவதை எடுத்ததும் வாட்ச்சைக் கட்டிக்கொண்டார்.

அப்புறம் என்னைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பையன் பேசினான். சீட் வேகமாகப் போகிறது, இன்றே கட்டினால் சலுகை என்றான். என் அரைகுறைத் தெலுங்கில், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“வீட்டில் யார் சார் முடிவெடுப்பது?” என்று கேட்டான்.

“அதையும் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

அடுத்த ஞாயிறு அமீர்பேட். அதற்கடுத்து மாதாப்பூர். எங்கே போனாலும் அதே முதல் பாடம்தான். டெமோ என்றால் முதல் பாடத்தைத் தாண்ட மாட்டார்கள். நியூட்டன் வரைக்கும்கூட வர மாட்டார்கள். நீளம், எடை, நேரம், அவ்வளவுதான். நாலாவது இடத்தில் சார் கேள்வி கேட்டதும் பின்வரிசையில் என் வாயிலேயே பதில் வந்துவிட்டது. இருமி மறைத்தேன்.

மகளுக்குப் பாடம் தேவையில்லை. அது வீடியோவில் ஓசியாக இருக்கிறது. கடைசியில் வரும் சந்தேக நேரம்தான் தேவை. டெமோவுக்கு எல்லா இடத்திலும் இருப்பதில் கெட்டிக்கார சாரைத்தான் நிறுத்துவார்கள். பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அப்புறம் அவர் கண்ணில் படுவது கஷ்டமாம். அதனால் மகள் காகிதங்களைப் பிரித்து வைத்தாள். கணக்கெல்லாம் அமீர்பேட்டுக்கு. கெமிஸ்ட்ரி மாதாப்பூர் மேடத்துக்கு.

அமீர்பேட்டில் வேறொரு சென்டருக்குப் போனபோது ஒன்று நடந்தது. மேடைக்கு ஏறிய சார் வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்தார். குக்கட்பள்ளி சார். அங்கே வேறு பெயர், வேறு பேனர். இங்கே “எங்கள் சென்டரிலேயே பல வருஷமாக இருப்பவர்” என்று அறிமுகம் செய்தார்கள். சார் முன்வரிசையைப் பார்த்தார். மகளும் அவரைப் பார்த்தாள். சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பாடத்தை ஆரம்பித்தார்.

சந்தேக நேரத்தில் அவளைத்தான் முதலில் எழுப்பினார். எல்லாக் காகிதத்துக்கும் பொறுமையாக விளக்கினார். போகும்போது எங்கள் பக்கமாக வந்து, மெல்லத் தெலுங்கில் சொன்னார்.

“அடுத்த வாரம் தில்சுக்நகரில் இருப்பேன்.”

போனோம்.

எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. எங்கே உட்கார்ந்தாலும் நானும் மகளும் தமிழில் பேசிக்கொள்வோம். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது. கண்ணாடி அறைப் பையன் எதிரில் இருக்கும்போதே, “இவன் இன்னைக்கு விடமாட்டான் போலிருக்கே” என்று சிரித்த முகமாகச் சொல்வேன். அவனும் சிரிப்பான். இங்கே இருக்கும் தமிழ் ஆட்கள் பாதிப் பேர் இப்படித்தான். தமிழ் என்றால் கதவு சாத்திய அறை என்று நினைப்போம்.

பேகம்பேட்டில் அந்தக் கதவு திறந்துகொண்டது.

தேர்வுக்குக் கொஞ்ச வாரங்கள்தான் இருந்தன. அது பெரிய சென்டர். சோபா போட்டிருந்தார்கள். கவுன்டரில் நடுவயதில் ஒரு அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. நாங்கள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அன்றைய வேலையைப் பேசினோம்.

“இங்க எத்தனை கேக்கணும்?” என்றேன்.

“கெமிஸ்ட்ரி ரெண்டு, மேத்ஸ் ஒண்ணு. முடிஞ்சதும் ஓடிடலாம்.”

“ரூமுக்குக் கூப்பிட்டா உனக்கு வயித்து வலின்னு சொல்லுதேன்.”

“போன வாரமும் எனக்குத்தான் வயித்து வலி. இந்த வாட்டி உனக்கு வரட்டும்.”

“எனக்குத் தலைவலி.”

“தலைவலி நம்ப மாட்டாங்க. முட்டிவலின்னு சொல்லு. உன் வயசுக்குப் பொருத்தமா இருக்கும்.”

“சரிட்டி. சமோசா குடுப்பாவளா?”

“பெரிய இடம்ப்பா. பஃப்ஸா இருக்கும்.”

கவுன்டர் அம்மா தலையைத் தூக்கவில்லை. தட்டுவதையும் நிறுத்தவில்லை.

“இன்னைக்கு பஃப்ஸ் இல்ல. ஒஸ்மானியா பிஸ்கட்தான்” என்றார்.

தமிழில்.

ஃபோர்க்லிஃப்டில் டிரம் சரியும்போது கை கால் எல்லாம் அப்படியே நின்றுபோகும். அப்படி நின்றது. மகள் என்னைப் பார்த்தாள். நான் சோபாவைப் பார்த்தேன்.

“போன மாசம் குக்கட்பள்ளிலயே உங்களைப் பாத்தேன். இவரு சமோசா ரெண்டு எடுத்தாரு” என்றார்.

“அது வேற கம்பெனியில்லா?” என்றேன்.

“பேருதான் வேற. ஓனர் ஒருத்தர்தான். அமீர்பேட்ல நீங்க போனீங்களே, ரெண்டு மாடி, அதுவும் அவருதுதான்.”

“எந்திரிட்டி” என்றேன் மகளிடம்.

“அய்யோ நக்கோ அண்ணா. கைக்கு ஓடுறீங்க? உக்காருங்க.”

உட்கார்ந்தோம். அவர் சிகந்திராபாத்காரர். மூன்று தலைமுறையாக இங்கேதான். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ் என்று ஹைதராபாத் ஹிந்தி கலந்த தமிழ். எங்கள் தமிழைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு. அவர் தமிழைக் கேட்டு எங்களுக்கு. ஆனால் நாங்கள் சிரிக்கும் நிலையில் இல்லை.

மகளிடம் கேட்டார். “வீட்டுல எழுதிப் பாத்தியா? எவ்வளவு வருது?”

மகள் சொன்னாள்.

“அட! அப்ப நல்லாத்தான படிக்கிற. கம்ப்யூட்டர்ல எழுதிப் பாத்தியா?”

மகள் பதில் சொல்லவில்லை. எந்த மொழியிலும்.

பரீட்சை முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். மூன்று மணி நேரம். எங்கள் வீட்டில் அது இல்லை. அவள் பழகியது என் போனில். அதன் கண்ணாடியும் கீறல் விழுந்தது. அவள் சீனியர் ஒருத்தி போன வருஷம் மௌஸோடு மல்லுக்கட்டியே நேரத்தைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாளாம். இப்போது மாலில் துணி மடிக்கிறாள். இந்தப் பயத்தை மகள் என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் தெரியாதது போல இருந்தோம்.

கவுன்டர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்தார். 

“சரி கேளுங்க. ஞாயித்துக்கிழமை காலைல இங்க மாக் டெஸ்ட், நிஜப் பரீட்சை மாதிரியே. ஃப்ரீன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கோம். நிஜமாவே ஃப்ரீதான், ஆனா யாரும் வர்றதில்ல. பணம் கட்டின பசங்க ஞாயித்துக்கிழமை எந்திரிக்கிறதே மத்தியானம்தான். ஓனர் போட்டோ எடுக்க வருவாரு. காலி கம்ப்யூட்டரைப் பாத்தா என்னைத்தான் கத்துவாரு. இவ வந்து உக்காரட்டும்.”

“பணம்...” என்றேன்.

“ஹவ், பணம். நான் கேட்டனா? இவளால எனக்கு ஒரு சேர் ரொம்பும். அவ்வளவுதான். ஒரே ஒரு கண்டிஷன்.”

“என்ன?” என்றாள் மகள்.

“டெமோல எங்க கெமிஸ்ட்ரி சாரைக் கேள்வி கேட்டுப் படுத்தக்கூடாது. அவரு சுகர் பேஷன்ட். டயத்துக்குச் சாப்பிடணும்.”

மகள் ஒரே ஒரு காகிதத்தை மட்டும் கேட்டுக்கொள்ள அனுமதி வாங்கினாள். அந்த அம்மா பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.

“ரெண்டு எடுத்துக்கங்கண்ணா. பழக்கத்தை விடாதீங்க.”

அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் பேகம்பேட் போக ஆரம்பித்தோம். முதல் தடவை மகள் பாதிக் கேள்விகளோடு எழுந்து வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. மௌஸ் ஒரு பக்கம் போகிறது, அவள் ஒரு பக்கம் போகிறாள். அடுத்த தடவை பரவாயில்லை. அதற்கடுத்த தடவை நேரம் மிச்சம் வைத்து வந்து, வண்டியை எடு என்று தெலுங்கில் அதட்டினாள். நான் நிம்மதியானேன்.

ஒரு ஞாயிறு நான் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். கவுன்டர் அம்மா ஓடிவந்தார்.

“அண்ணா, ஓனர் லிஃப்ட்ல வர்றாரு. பின்னாடி வரிசை காலி. வந்து உக்காருங்க.”

“நானா?”

“நீங்கதான். மௌஸைப் பிடிங்க, தலையைக் குனிங்க.”

“தலை நரைச்சிருக்கேம்மா.”

யாரோ மறந்துவிட்டுப் போன தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினார். உட்கார்ந்தேன். அவரே என் போன் நம்பரைத் தட்டி டெஸ்டைத் திறந்துவிட்டார். முன்னால் கேள்வி ஓடியது. எல்லாவற்றுக்கும் இரண்டாவது பதிலையே அழுத்திக்கொண்டு போனேன். மகள் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. 

ஓனர் வந்தார். போட்டோ எடுத்தார். என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டாவதை அழுத்தினேன். அவர் என் தோளில் தட்டி, “வெரி குட், இந்த ஸ்பீடு வேணும்” என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனார்.

முடிவில் மார்க் வந்தது. எனக்குக் கீழேயும் சிலர் இருந்தார்கள். யாரென்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து என் போனுக்கு மெசேஜ். அன்பு மாணவரே, உங்கள் முயற்சி பாராட்டுக்குரியது, இன்னும் கொஞ்சம் உழைத்தால் நல்ல ரேங்க் நிச்சயம் என்று இங்கிலீஷில் இருந்தது. மகள் அதைத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

“ஹாஸ்டல் வசதி உண்டாமா?”

“இருக்கும்மா.”

“அப்பனைச் சேத்து விட்டுரு. எனக்குச் சமையல் மிச்சம்.”

பரீட்சை ஊருக்கு வெளியே ஒரு காலேஜில். நல்ல வெயில். நான் கேட்டுக்கு வெளியே பைக்கோடு நின்றேன். நிறையப் பெற்றோர். சிலர் சாமி படம் வைத்திருந்தார்கள். என்னிடம் மோர் பாக்கெட் இருந்தது. அவள் வந்ததும் கொடுத்தேன். குடித்தாள்.

“எப்படி?”

“மௌஸ் நல்லா இருந்துச்சு” என்றாள்.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்வரை அவள் மோர் பாக்கெட்டைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

ரிசல்ட் நாளில் போன் அவளிடம். நான் வேலையில். சூப்பர்வைசர் கத்திக் கூப்பிட்டு, உன் வீட்டிலிருந்து என்று அவர் போனைத் தூக்கிக் காட்டினார். அப்போது டிரம் ஒன்று மேலே இருந்தது. முதலில் அதை இறக்கினேன். மெதுவாக. அப்புறம் போனை வாங்கினேன்.

“அப்பா, வந்திருச்சு.” 

“காம்பஸா?”

“ஹவ்” என்றாள். அந்த அம்மாவிடம் கற்றுக்கொண்டது.

“சரி” என்றேன். சூப்பர்வைசர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அதற்கு ஏன் இப்படி ஒரு முகம் என்று கேட்டார். எனக்கு இருப்பது ஒரு முகம்தான்.

பிறகு கவுன்சிலிங் நடந்து, காம்பஸிலேயே சீட் என்று உறுதியாயிற்று. மால் பேச்சு அதோடு போயிற்று.

அந்த வாரமே ஃப்ளெக்ஸ்கள் முளைத்தன. குக்கட்பள்ளியில் என் மகள். அமீர்பேட்டில் என் மகள். தில்சுக்நகரில் இரண்டாள் உயரத்துக்கு என் மகள். டெமோவுக்குப் போகும்போது எல்லா இடத்திலும் ஒரு போட்டோ கேட்டு வாங்கியிருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே செட். அதில் அவள் கண் பாதி மூடியிருக்கும். ஊரெங்கும் பாதித் தூக்கத்தில் நின்றாள். கீழே “எங்கள் மாணவி”.

“எல்லார்கிட்டயும் போய்ச் சண்டை போடப்போறேன்” என்றாள். ஹிந்தியில். உண்மையான கோபம்.

“எந்த இடத்துல சொல்லிக்குடுக்காம இருந்தாவ?” என்றேன். 

யோசித்தாள். “அந்த வாட்ச் சார் போர்டுன்னா ஓகே” என்றாள். அவர் எந்த போர்டு என்றுதான் தெரியவில்லை.

பேகம்பேட்டிலிருந்து மட்டும் போன் வந்தது. கவுன்டர் அம்மா. 

“அண்ணா, மத்த பிராஞ்சுல என் பேச்சு எடுபடல. இங்கயாச்சும் இவ போட்டோ போட வேணாம்னு நான் சொல்லிட்டேன். நம்ம கிட்ட சேரல, நக்கோன்னு சொன்னேன். ஓனர் கேட்டுக்கிட்டாரு. ஆனா வேற ஒண்ணு போட்டுட்டாரு. வந்து பாருங்க.”

“என்ன?” 

“வந்து பாருங்கண்ணா” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஒரே பைக்கில் போனோம். ஃப்ளெக்ஸ் மேம்பாலத்தைப் பார்த்து இருந்தது. மாக் டெஸ்ட் ஹால் படம். வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர். முன்வரிசையில், என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளின் பின்னந்தலை. கடைசி வரிசையில், நேராகக் கேமராவுக்கு எதிரில், தொப்பி போட்டுக்கொண்டு மௌஸை இறுக்கிப் பிடித்தபடி நான். மேலே பெரிய எழுத்தில் “எங்கள் வெற்றி மாணவர்கள்”.

மகள் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு நிஜமாகவே வயிற்று வலி. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மனைவி தலையை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அவளுக்குக் காம்பஸ். உங்களுக்கு எங்க?” என்றாள்.

“இன்னும் கவுன்சிலிங் வரல” என்றேன்.

வண்டியை எடுத்தேன்.